பிரிண்டருக்காகத் திறந்த கதவு

கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு கணக்கு டீச்சர் எழுதியிருக்கிறார். நீளமான கடிதம், கூடவே செல்போனில் எடுத்த ஐந்து படங்கள். கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

"ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். விண்டோஸ் 10-க்கு இனி அப்டேட் வராது என்று என் மகன் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் 22 போட்டுக் கொடுத்துவிட்டு வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டான். நன்றாகத்தான் ஓடியது. மூன்று வாரத்துக்கு முன் பிரிண்டர் மக்கர் செய்தது. ஒரு லினக்ஸ் உதவிக் குழுவில் கேட்டேன். ஒரு தம்பி ரொம்பப் பொறுமையாகப் பேசினார். தானே உள்ளே வந்து பார்க்கிறேன் என்று சில கட்டளைகளைத் தட்டச் சொன்னார். 'டெஸ்ட்' என்று ஒரு யூசர், அதற்கு 'டெஸ்ட்123' என்று பாஸ்வேர்டு வைக்கச் சொன்னார். ரௌட்டரில் 22 என்ற போர்ட்டைத் திறக்கச் சொன்னார். சிசிடிவி கேமராவை வெளியூரிலிருந்து பார்ப்பதற்காக நிலையான ஐபி வாங்கி வைத்திருக்கிறோம், அதனால் சுலபமாக வேலை முடிந்தது. ஆனால் பிரிண்டர் சரியாகவில்லை. இப்போது லேப்டாப்பே திறக்க மாட்டேன் என்கிறது. சரியான பாஸ்வேர்டைத்தான் போடுகிறேன், திரை ஒரு கணம் கறுத்துவிட்டு மறுபடியும் பாஸ்வேர்டு கேட்கிறது. குழுவில் வேறொருவர் சொன்னபடி கறுப்புத் திரைக்குப் போய்ச் சில கட்டளைகளைத் தட்டி அனுப்பினேன், அவரிடமிருந்து பதிலே இல்லை. டிஸ்க் 109 ஜிபி, பயன்பட்டது 104, மீதி 0 என்று காட்டுகிறது. நான் கணக்கு டீச்சர். 109-இல் 104 போனால் 5 வர வேண்டாமா? மின்ட்டை மறுபடி போட வேண்டுமா? அந்தத் தம்பி என்னை ஏமாற்றிவிட்டாரா? லினக்ஸில் வைரஸே வராது என்றார்களே? திங்கட்கிழமை கேள்வித்தாள் அச்சடித்தாக வேண்டும். இன்னொன்று, கொஞ்ச நாளாக லேப்டாப் சும்மா இருந்தாலும் ஃபேன் இரைந்துகொண்டே இருக்கிறது. வெயிலாலோ என்னவோ."

வணக்கம் டீச்சர்.

மேற்கொண்டு படிப்பதற்கு முன் இரண்டு வேலை செய்துவிடுங்கள். லேப்டாப்பின் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். பிறகு போனிலிருந்து ரௌட்டர் பக்கத்துக்குள் போய், அன்று 22-க்காகப் போட்ட 'போர்ட் ஃபார்வர்டிங்' வரியை (வெளியிலிருந்து லேப்டாப்புக்குள் வர வழிவிடுவது அதுதான்) அழித்துச் சேமியுங்கள். அதே பக்கத்தில் கேமராவுக்காக ஏற்கெனவே ஒரு வரி இருக்கும், அதைப் பிறகு பார்ப்போம்.

ஆச்சா? சரி, உங்கள் கழித்தல் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பூட்டிக்கொண்ட திரைக்குக் காரணம் அதில்தான் இருக்கிறது.

உங்கள் டிஸ்க்கில் இருப்பது எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறை. மொத்த இடத்தில் நூற்றுக்கு 5 பங்கை அது ரூட்டுக்கென்று ஒதுக்கி வைத்துவிடும், ரூட் என்றால் கணினியின் முதலாளி. 109-க்கு 5 பங்கு என்றால் ஐந்தரை ஜிபி போல வரும். நீங்கள் சாதாரண யூசர், அந்த இடத்தில் கைவைக்க முடியாது. அதனால் 104-ஐத் தொட்டதுமே உங்களுக்கு மீதி பூஜ்யம். டிஸ்க் ஒரேயடியாக மூச்சடைத்துப் போகாமல் இருக்கவும், ரூட்டாக நுழைந்து சுத்தம் செய்ய வழி இருக்கவும்தான் இந்த ஏற்பாடு. வீட்டில் அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் ஐந்நூறு ரூபாய் இருக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன்.

பாஸ்வேர்டு சரியாக இருந்தும் உள்ளே விடாதது இதனால்தான். நீங்கள் நுழையும்போது மின்ட் உங்கள் ஹோம் ஃபோல்டரில் ஒன்றிரண்டு சின்னக் கோப்புகளை எழுத வேண்டும். எழுத ஒரு பைட் கூட இடமில்லை. அதை ஒழுங்காகச் சொல்லக்கூடத் தெரியாமல், வந்த வழியே உங்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டு, பாஸ்வேர்டுதான் தப்போ என்று பத்துத் தடவை தட்டிப் பார்த்தவர்கள் ஏராளம்.

104 ஜிபியை நிரப்பியது யார்? உங்கள் இரண்டாவது படத்தில் பதில் இருக்கிறது. 'டைம்ஷிஃப்ட்' ஃபோல்டர் மட்டும் 61 ஜிபி. டைம்ஷிஃப்ட் நல்ல கருவி. அப்டேட்டில் ஏதாவது கெட்டுப்போனால் நேற்றைய நிலைக்குத் திரும்ப உதவும், மின்ட்டோடு கூடவே வருகிறது. மகன் அதை இயக்கிவிட்டது சரிதான். ஆனால் பிரதிகளை அதே டிஸ்க்கில், தினப் பிரதி ஐந்து, வாரப் பிரதி மூன்று, மாதப் பிரதி இரண்டு என்று வைக்கும்படி அமைத்திருக்கிறான். 120 ஜிபி எஸ்எஸ்டிக்கு இது தாங்காது. ஒரு பிரதிக்கும் அடுத்ததற்கும் இடையில் மாறாத கோப்புகளை அது பகிர்ந்துகொள்வதால் முதலில் ஒன்றும் தெரியாது, அப்டேட் வர வரச் சத்தமில்லாமல் ஏறும்.

இத்தோடு விஷயம் முடிந்திருந்தால் உங்கள் கேள்விக்குப் பதில் எளிது: மறுபடி போடவே வேண்டாம். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அமுக்கிக் கறுப்புத் திரைக்குப் போய், 'சூடோ டைம்ஷிஃப்ட்' என்று தட்டி, ஓர் இடம் விட்டு, இரண்டு மைனஸ் போட்டு 'லிஸ்ட்' என்றால் பிரதிகளின் பட்டியல் வரும். 'லிஸ்ட்' இருந்த இடத்தில் 'டெலீட்' என்று போட்டால் எதை அழிக்க என்று அதுவே கேட்கும். பழையவற்றை அழித்துவிட்டு மறுபடி ஆன் செய்தால் போதும், பத்து நிமிட வேலை. இதே கோளாறில் மாட்டியிருக்கும் மற்ற வாசகர்களுக்கும் சொல்கிறேன், அந்த ஃபோல்டரை 'ஆர்எம்' கட்டளையால் நேரடியாக அழிக்கப் போகாதீர்கள், டைம்ஷிஃப்ட்டைக் கொண்டே அழியுங்கள். ஒரு எழுத்து மாறிப்போனால் டைம்ஷிஃப்ட்டோடு சேர்த்து டைமும் போய்விடும்.

ஆனால் டீச்சர், எனக்குக் கவலை அந்த 61 ஜிபி அல்ல. அதே படத்தில் கீழே, பாதி வெட்டுப்பட்டுத் தெரிகிற 230 எம்பிதான்.

அந்தக் கோப்பின் பெயர் 'பிடிஎம்பி'. யாராவது உள்ளே வர முயன்று பாஸ்வேர்டு தப்பானால் லினக்ஸ் அதை இந்தக் கோப்பில் குறித்து வைக்கும். ஒரு முயற்சிக்கு 384 பைட். நீங்களே வகுத்துப் பாருங்கள், 230 எம்பி என்றால் 6 லட்சத்துக்கும் மேல். போர்ட் திறந்து கிடந்தது 23 நாள் என்கிறீர்கள். நாளொன்றுக்கு 27 ஆயிரம், நிமிடத்துக்குப் பத்தொன்பது. நீங்கள் பையன்களுக்கு வகைநுண்கணிதம் நடத்திக்கொண்டிருந்த நேரம் பூராவும் யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். யாரோ என்பதுகூடச் சரியில்லை. அவை தானாக ஓடும் நிரல்கள். இணையத்தில் எந்த முகவரியில் 22 திறந்திருக்கிறது என்று இரவு பகலாகத் தேடும், கண்டால் 'அட்மின்', 'ரூட்', 'டெஸ்ட்' என்று பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும். உங்கள் மேல் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை.

தட்டினால் தட்டட்டும், கதவு பூட்டியிருந்தால் என்ன என்று கேட்கலாம். பூட்டின் பெயர் 'டெஸ்ட்123'. எந்தத் திருட்டு நிரலின் பட்டியலிலும் முதல் பக்கத்தில் இருக்கும்.

இப்போது நான்காவது படம். குழுவில் அந்த இரண்டாமவர் உங்களை 'அக்செப்டட் பாஸ்வேர்டு' என்று தேடச் சொன்னார் பாருங்கள், விஷயம் தெரிந்தவர் அவர். பதில் போடாமல் போனதுதான் வருத்தம். மூன்று வரி வந்திருக்கிறது. முதல் இரண்டும் அந்தத் தம்பி உதவ வந்த அன்று மாலை, இரண்டும் ஒரே முகவரியிலிருந்து. மூன்றாவது வரி ஒன்பது நாள் கழித்து, விடியற்காலை 3 மணி 42 நிமிடம். முகவரி வேறு. யூசர் 'டெஸ்ட்'. பாஸ்வேர்டு ஏற்கப்பட்டது.

அப்புறம், கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதினீர்களே, ஃபேன் இரைகிறது என்று. எப்போதிலிருந்து என்று யோசித்துப் பாருங்கள். இப்படி நுழையும் நிரல்கள் பெரும்பாலும் செய்கிற காரியம், உங்கள் பிராசஸரை வைத்து மொனேரோ என்கிற டிஜிட்டல் காசைத் தோண்டுவது. அதற்குப் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லை, சாதாரண லேப்டாப்பே போதும். கரண்ட் பில் உங்களுக்கு, காசு எவனுக்கோ. படத்தை மட்டும் பார்த்து அடித்துச் சொல்ல மாட்டேன், வெயிலாகவும் இருக்கலாம். ஆனால் வெயில் என்று நம்பி இந்த லேப்டாப்பில் நான் என் பாங்க் பாஸ்வேர்டைத் தட்ட மாட்டேன்.

ஆகவே, டிஸ்க் நிரம்பியதற்காக மறுபடி போட வேண்டியதில்லை, அந்த மூன்றாவது வரிக்காகப் போட்டே ஆக வேண்டும். பிரிண்டர் வேலைக்கென்று 'டெஸ்ட்' யூசருக்கு சூடோ அனுமதியும் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் தம்பி. அப்படியென்றால் நுழைந்தவனுக்கு முதலாளியின் சாவியும் கிடைத்துவிட்டது. முதலாளி ஆனவன் பதிவேட்டைத் திருத்தலாம், வேறொரு பின்கதவை வைத்துக்கொள்ளலாம். எங்கே என்ன மாற்றினான் என்று தேடிக்கொண்டிருப்பது வீண். பழைய டைம்ஷிஃப்ட் பிரதிக்குத் திரும்பினால் போதாதா என்று உங்கள் மகன் கேட்கக்கூடும். போதாது. டைம்ஷிஃப்ட் வழக்கமாக ஹோம் ஃபோல்டரைத் தொடாது, பின்கதவு அங்கேயே இருக்கலாம். பிரதிகளும் அதே டிஸ்க்கில், அதே சாவிக்குக் கீழே கிடந்தவைதானே.

தம்பி ஏமாற்றினாரா? என் ஊகம், இல்லை. திருட வந்தவன் உள்ளே புகுந்ததும் முதலில் செய்கிற வேலை கதவைத் தனக்கு மட்டும் என்று பூட்டிக்கொள்வது. ஆறு லட்சம் பேர் வந்து முட்டட்டும் என்று விட்டுவைக்க மாட்டான். இவர் உதவ வந்தார், அரைகுறையாகப் பார்த்தார், முடியவில்லை என்றதும் கதவைத் திறந்தபடியே போட்டுவிட்டுப் போய்விட்டார். கெட்டவர் இல்லை, பொறுப்பில்லாதவர். உங்களுக்கு விளைவு ஒன்றுதான் என்றாலும், குழுவில் அவரைத் திட்டாமல் நடந்ததை அப்படியே எழுதுங்கள். அவரும் படிக்கட்டும், அடுத்த டீச்சரிடம் 'டெஸ்ட்123' என்று சொல்லாமல் இருப்பார்.

அதே நேரத்தில், பொறுமையாகப் பேசுகிறார் என்பது மட்டும் ஒருவரை நம்பக் காரணமாகாது. எக்ஸ்இசட் என்று ஒரு சிறிய மென்பொருள், கோப்புகளைச் சுருக்குவதற்கு. அநேகமாக எல்லா லினக்ஸிலும் இருக்கும். அதைத் தனியாளாகப் பராமரித்துக் களைத்துப்போயிருந்த ஒருவருக்கு உதவ 'ஜியா டான்' என்ற பெயரில் 2021 வாக்கில் ஓர் ஆள் வந்தார். இரண்டு வருடத்துக்கும் மேலாக ஒழுங்காக வேலை செய்து, நம்பிக்கையைப் பெற்று, கூட்டுப் பராமரிப்பாளராகவே ஆனார். 2024 பிப்ரவரியில் அதற்குள் ஒரு பின்கதவை வைத்து வெளியிட்டார். உங்கள் வீட்டில் 22-இல் திறந்தார்களே, தூரத்திலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச், அதே வாசலுக்கான கள்ளச்சாவி. ஆந்த்ரேஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், தன் கணினியில் எஸ்எஸ்ஹெச் நுழைவு வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாவது ஏன் என்று குடைந்துகொண்டே போய், 2024 மார்ச் 29 அன்று அதைப் போட்டு உடைத்தார். மின்ட், உபுண்டு போன்றவற்றின் நிலையான பதிப்புகளுக்கு அது வந்து சேரவில்லை. அந்த அரை விநாடியை நினைத்தால் இன்றும் எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். உள்ளே விட்டதும் சமூகம்தான், பிடித்ததும் சமூகம்தான்.

லினக்ஸில் வைரஸே வராது என்பதைச் சொன்னவர் யார் என்று கேட்க மாட்டேன், நானும் இருபது வயதில் சொல்லித் திரிந்தவன்தான். விண்டோஸில் போல பென்டிரைவைச் செருகியதும் தொற்றிக்கொள்கிற ரகம் இங்கே அரிது, உண்மை. ஆனால் நாமே பாஸ்வேர்டு வைத்துத் திறந்துவிட்ட கதவு வழியாக வருகிறவனுக்கு வைரஸ் எதற்கு? 2016-இல் மிராய் என்ற தீங்கு நிரல் ஒன்று உலகம் முழுக்கக் கேமராக்களையும் டிவிஆர் பெட்டிகளையும் பிடித்தது. அவற்றில் ஓடியதும் லினக்ஸ்தான். அறுபத்துச் சொச்சம் பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை வைத்துக்கொண்டே பிடித்தது, எல்லாம் கம்பெனி வைத்து அனுப்பி யாரும் மாற்றாத பாஸ்வேர்டுகள். உங்கள் சிசிடிவி பெட்டியின் பாஸ்வேர்டு என்ன, கேமரா மாட்ட வந்தவர் வைத்ததா? இன்றே மாற்றிவிடுங்கள். செல்போன் ஆப் வழியாகவே கேமரா தெரிகிறது என்றால் ரௌட்டரில் அதற்கான போர்ட்டும் தேவையில்லை, அழித்துவிடலாம்.

இனி வேலை. முதலில் போன். லேப்டாப்பில் எந்தெந்தக் கணக்குகளைப் பயன்படுத்தினீர்களோ, அவற்றின் பாஸ்வேர்டை எல்லாம் போனிலிருந்து மாற்றுங்கள். மெயில்தான் முதல், மற்ற எல்லாவற்றுக்கும் சாவி அங்கேதான் வருகிறது. மெயில் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் உள்நுழைந்திருக்கும் சாதனங்களின் பட்டியல் இருக்கும், அந்த லேப்டாப்பை அதிலிருந்து வெளியேற்றுங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள். 'ஃபயர்ஃபாக்ஸில்தான் பாஸ்வேர்டுகளைச் சேமித்திருந்தேன், அதைப் பூட்டித்தானே வைத்திருக்கும்' என்று நினைக்காதீர்கள். முதன்மைப் பாஸ்வேர்டு என்று தனியாக நீங்கள் வைத்திருந்தால் ஒழிய, பெட்டியும் சாவியும் ஒரே ஃபோல்டரில்தான் இருக்கின்றன. பாங்க் கணக்கில் தெரியாத பரிவர்த்தனை ஏதாவது இருந்தால் பாங்கிற்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் உடனே போன் போடுங்கள்.

அடுத்தது பென்டிரைவ். மகன் மின்ட் போட்ட பென்டிரைவ் மேஜை டிராயரில் கிடந்தால், இந்த மூன்று வாரத்தில் லேப்டாப்பில் செருகப்படாதது என்றால், அதுவே போதும். இல்லையென்றால் மின்ட்டின் சொந்தத் தளத்திலிருந்து இறக்குங்கள், கிட்டத்தட்ட மூன்று ஜிபி. தெரிந்த பையனைக்கூடச் செய்யச் சொல்லலாம், ஆனால் இறக்கிய கோப்பு அசல்தானா என்று காட்டும் எஸ்ஹெச்ஏ256 எண்ணைச் சரிபார்க்காமல் விடக் கூடாது. இது வெறும் சம்பிரதாயம் இல்லை. 2016 பிப்ரவரி 20 அன்று மின்ட்டின் தளத்திற்குள்ளேயே புகுந்து, பின்கதவு வைத்த மின்ட் 17.3-ஐ இறக்கும்படி இணைப்பை மாற்றிவிட்டார்கள். அசலான எண்ணோடு ஒப்பிட்டால்தான் அப்படிப்பட்ட கோப்பு மாட்டும்.

பென்டிரைவைச் செருகி, லேப்டாப்பை ஆன் செய்ததும் எஃப்12 தட்டுங்கள் (சில லேப்டாப்பில் எஃப்9 அல்லது எஸ்கேப்). டிஸ்க்கைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே மின்ட் திறக்கும். வைஃபை இணைக்காதீர்கள். ஃபைல் மேனேஜரில் பழைய டிஸ்க்கைத் திறந்து உங்கள் ஹோம் ஃபோல்டருக்குப் போய், கேள்வித்தாள்கள், பிடிஎஃப், படங்கள், மார்க் பட்டியல், இவற்றை மட்டும் வேறொரு ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுங்கள். கண்ட்ரோலும் ஹெச்சும் சேர்த்து அமுக்கினால் புள்ளியில் தொடங்கும் மறைந்த ஃபோல்டர்கள் தெரியும். அமுக்காதீர்கள். அவற்றில் ஒன்றுகூட வேண்டாம். நீங்கள் நுழையும்போது தானாக ஓடவேண்டியவை, எஸ்எஸ்ஹெச் சாவிகள் எல்லாம் அங்கேதான் இருக்கும், வந்தவன் எதையாவது விட்டுப்போயிருந்தால் பெரும்பாலும் அதற்குள்ளேதான். புக்மார்க் போனால் போகட்டும்.

நகலெடுத்த கோப்புகளில் நாலைந்தைத் திறந்து பார்த்து உறுதி செய்துகொண்டபின், டிஸ்க்கை முழுதாக அழித்து மின்ட் போடுங்கள். கேட்கிற கேள்விகளில் டிஸ்க்கைக் குறியாக்கம் செய்யவா என்ற ஒன்று வரும். பிள்ளைகளின் பெற்றோர் போன் நம்பர் எல்லாம் இருக்கிற லேப்டாப் என்பதால் நான் செய்யச் சொல்வேன். ஆனால் அந்தப் பாஸ்வேர்டை மறந்தால் கோப்புகள் போனது போனதுதான், யாராலும் மீட்க முடியாது. ஒரு தாளில் எழுதிப் பீரோவில் நகைக்குப் பக்கத்தில் வையுங்கள். பாஸ்வேர்டைத் தாளில் எழுதலாமா என்று மகன் சிரித்தால், மொனேரோ தோண்டுகிறவன் உங்கள் பீரோவைத் திறக்க மாட்டான் என்று சொல்லுங்கள்.

புது மின்ட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை. மெனுவில் ஃபயர்வால் என்று தேடித் திறந்து ஆன் செய்யுங்கள், மின்ட்டில் அது அணைந்த நிலையில்தான் வரும். உள்ளே வருவதை மறுக்கட்டும், வெளியே போவதை அனுமதிக்கட்டும். பிரிண்டருக்கு இதனால் பாதிப்பு இல்லை. அப்டேட் மேனேஜரின் விருப்பங்களில் தானாக அப்டேட் செய்யும் வசதி இருக்கிறது, போட்டுவிடுங்கள். டைம்ஷிஃப்ட்டில் தினப் பிரதி இரண்டு, வாரப் பிரதி ஒன்று, முடிந்தால் வெளி டிஸ்க்கில். அது உங்கள் கேள்வித்தாள்களைக் காப்பாற்றாது, அவற்றை நீங்களேதான் வாரம் ஒரு தடவை நகலெடுக்க வேண்டும்.

எஸ்எஸ்ஹெச் சர்வர் என்பது புதிதாகப் போட்ட மின்ட்டில் இருக்கவே இருக்காது, அன்று தம்பிதான் போடச் செய்தார். திரும்பப் போடாதீர்கள். வேலை நிமித்தம் அது தேவைப்படும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: உபுண்டு 24.04-ஐயும் அதன் மேல் கட்டிய மின்ட் 22-ஐயும் பொறுத்தவரை, 'எஸ்எஸ்ஹெச்' சர்வீஸை நிறுத்திவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. 'எஸ்எஸ்ஹெச் சாக்கெட்' என்று தனியாக ஒன்று வாசலில் உட்கார்ந்திருக்கும், யாராவது தட்டினால் சர்வீஸை எழுப்பிவிடும். இரண்டையும் நிறுத்த வேண்டும், அல்லது மொத்தமாக நீக்க வேண்டும். வைத்துத்தான் தீர வேண்டும் என்றால் பாஸ்வேர்டு நுழைவை மூடி, சாவிக் கோப்பு மட்டும். போர்ட் எண்ணை 22-இலிருந்து 2222-க்கு மாற்றினால் சத்தம் குறையும், பாதுகாப்பு கூடாது.

குழுவில் உதவி கேட்பதை நிறுத்திவிடாதீர்கள், அதைச் சொல்லத்தான் இவ்வளவும். ஐந்து ரூபாய் வாங்காமல் ராத்திரி பதினொரு மணிக்கு உங்கள் பிரிண்டரைப் பற்றி யோசிக்கிற ஆட்கள் வேறெங்கே கிடைப்பார்கள்? ஆனால் அவர்கள் உள்ளே வர வேண்டியதில்லை, உங்கள் கணினி சொல்வதை நீங்கள் வெளியே கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். கொடுப்பதை எழுத்தாகக் கொடுங்கள். நீங்கள் அனுப்பிய படங்களில் இரண்டில் வலது ஓரம் வெட்டுப்பட்டிருந்தது, ஒன்றில் டியூப்லைட் வெளிச்சம், அந்தப் பிடிஎம்பி வரியைப் படிக்க நான் படத்தைத் தலைகீழாகத் திருப்பாத குறை. போதாததற்கு மூன்றாவது படத்தில் உங்கள் வீட்டு ஐபி முகவரி பளிச்சென்று தெரிகிறது. குழுவில் போட்டதும் இதே படம் என்றால் நீக்கிவிடுங்கள்.

டெர்மினலில் (கட்டளை தட்டும் ஜன்னலில்) வருவதை மௌஸால் தேர்ந்து, கண்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் அமுக்கினால் நகலாகும். கணினியின் விவரம் கேட்டால் மெனுவில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' இருக்கிறது, நகலெடுக்க அதிலேயே பொத்தான் உண்டு. டெர்மினலில் 'இன்க்ஸி' தட்டச் சொன்னால் கூடவே 'இசட்' என்ற எழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள், ஐபி, சீரியல் நம்பர் போன்றவற்றை அதுதான் மறைக்கும். மெனுவைத் தமிழில் வைத்திருக்கிறீர்கள், அப்படியே இருக்கட்டும். ஆனால் பிழைச் செய்தி தமிழில் வந்தால் அதை வைத்து இணையத்தில் தேடிப் பயனில்லை, கட்டளைக்கு முன்னால் 'எல்சி_ஆல்=சி' என்று சேர்த்து ஓட்டினால் அதே செய்தி ஆங்கிலத்தில் வரும். அனுப்புவதற்கு முன் ஒரு தடவை மேலிருந்து கீழ் வரை படியுங்கள். நானே ஒருமுறை வைஃபை கோளாறுக்கு உதவி கேட்டு, செட்டிங்ஸ் கோப்பை அப்படியே ஒட்டிவிட்டேன். வைஃபை பாஸ்வேர்டு அதற்குள் கொட்டை எழுத்தில் இருந்தது. முன்பின் தெரியாத ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பி, 'அண்ணே, முதல்ல அதை அழிங்க' என்றார்.

யாராவது ஒரு கட்டளை கொடுத்தால், இது என்ன செய்யும், திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது எப்படி என்று இரண்டு கேள்வி கேளுங்கள். தெரிந்தவர் சந்தோஷமாகச் சொல்வார். 'சும்மா தட்டுங்கம்மா' என்றால் தட்டாதீர்கள். 'கர்ல்' என்று தொடங்கி, நடுவில் ஒரு நெட்டுக்கோடு வந்து, 'சூடோ பாஷ்' என்று முடிகிற கட்டளை இணையத்திலிருந்து எதையோ இறக்கி, படித்துப் பார்க்காமலே முதலாளியின் கையெழுத்தோடு ஓட்டுவது. அதை மட்டும் யார் சொன்னாலும் வேண்டாம். தமிழிலேயே கேட்க வேண்டுமென்றால் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு வாராவாரம் இணையவழியில் கூடுகிறது, சென்னையில் ஐலக்-சி என்ற லினக்ஸ் பயனர் குழு 1998-இலிருந்து இருக்கிறது. ஒருவர் தப்பாகச் சொன்னால் பக்கத்திலிருப்பவர் திருத்துவார், தனிச்செய்தியில் அது நடக்காது. 'தனியா வாங்க, பார்க்கலாம்' என்று ஒருவர் கூப்பிட்டால் குழுவிலேயே பேசலாம் என்று சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, இவ்வளவுக்கும் காரணமான பிரிண்டர். நீங்கள் எழுதிய மாடல் லேசர் வகை. அதற்கு மின்ட்டில் வருகிற டிரைவர் மட்டும் போதாது, கம்பெனி தனியாகத் தரும் ஒரு ப்ளக்இன்னும் வேண்டும், ஏனென்றால் அந்தப் பிரிண்டர் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தன் ஃபர்ம்வேரை (தனக்குள் ஓடும் மென்பொருளை) கணினியிடமிருந்து வாங்கிக்கொள்கிற ரகம். அப்டேட்டில் டிரைவரின் பதிப்பு மாறியிருக்கும், ப்ளக்இன் பழைய பதிப்பிலேயே நின்றிருக்கும், இரண்டும் பொருந்தவில்லை. புது மின்ட்டில் பிரிண்டரைச் சேர்க்கும்போது ப்ளக்இன்னை இறக்கவா என்று கேட்கும், ஆம் என்று சொல்லுங்கள். கேபிளைக் கழற்றி மாட்டி ஒரு சோதனைப் பக்கம் அடித்துப் பாருங்கள். திங்கட்கிழமைக்குள் இத்தனையும் முடியாது என்று தோன்றினால், நகலெடுத்து வைத்த கேள்வித்தாள் பிடிஎஃப்பைப் போனுக்கு மாற்றி, தெருமுனை ஜெராக்ஸ் கடையில் கொடுத்துவிடுங்கள். லேப்டாப்புக்கு அவசரம் இல்லை.